சானடோரியம் என்றொரு ஊர்

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்ரயிலில் மீனம்பாக்கம் தாண்டியதும் வரும் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். பல்லாவரம் என்பது பல்லவபுரம் மருவியது. குரோம்பேட்டை, குரோமிய உப்பால் தோல் பதனிட்ட குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்த பெயர். அடுத்து வரும் சானடோரியத்தில் தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது ஒரு நிறுத்தம், ஒரு குடியிருப்புப் பகுதி, மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம். "வீடு எங்கே?" என்று கேட்டால் "சானடோரியம்" என்று ஓர் ஊர்ப்பெயரைச் சொல்வதுபோலவே சொல்கிறார்கள். சானிடோரியம், சானட்டோரியம் என்றும் அது வாய்க்கு வாய் மாறும். வீட்டுமனை விளம்பரங்களில் 'சானடோரியம் ஸ்டேஷனுக்கு மிக அருகில்' என்பது விலையைக் கூட்டும் வரி. இரண்டு தலைமுறைக்கு முன்பு இதே பெயரைக் காதில் கேட்டாலே முகம் மாறியவர்கள் உண்டு. ஒரு சொல் அச்சத்திலிருந்து முகவரிக்கு வந்துசேர்ந்த கதை இது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ஸானுஸ்' என்றால் நலமாக இருப்பது. அதிலிருந்து 'ஸனாரே', நலமாக்கு என்னும் வினை. பிற்கால லத்தீனில் 'ஸனாடோரியுஸ்', நலம் தருவது. இடத்தைக் குறிக்கும் 'டோரியம்' என்னும் ஈறு நமக்குப் பழக்கமானதுதான். கேட்பதைக் குறிக்கும் வினையிலிருந்து ஆடிட்டோரியம், எரிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து கிரிமடோரியம், உறங்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து டார்மிட்டரி. தமிழில் பாடசாலை, வைத்தியசாலை என்று 'சாலை' செய்யும் வேலையை அங்கே இந்த ஈறு செய்கிறது. அந்தக் கணக்கில் சானடோரியம் ஒரு நலமாக்குசாலை.

இந்த வேரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் பல, நம் தெருவுக்கும் வந்துவிட்டன. மனநலத்தைக் குறிக்கும் 'சேன்', அதன் எதிர்ப்பதம் 'இன்சேன்', நகராட்சியின் சானிட்டரி இன்ஸ்பெக்டர், கடையில் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும் சானிட்டரி நாப்கின். 'சானிடைஸ்' என்னும் ஆங்கில வினைச்சொல் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. ஆனால் தமிழ்நாட்டின் எல்லா வீட்டு வாசலுக்கும் அது வந்தது 2020இல், சானிடைசர் புட்டியாக. கைகழுவும் திரவமும் ரயில் நிலையமும் ஒரே வேரின் கிளைகள் என்பதை அந்த நாட்களில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இதற்கு இன்னொரு வடிவம் பரவியது. பேட்டில் கிரீக் நகரில் மருத்துவ விடுதி நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக் (சோள அவல் கெல்லாக்தான்) தம் விடுதியைச் 'சானிடேரியம்' என்று அழைத்தார். அது வினையிலிருந்து வராமல், நலம் என்னும் பெயர்ச்சொல்லான 'ஸானிடாஸ்' வழியாக வந்த வடிவம். தாம்பரத்துக்காரர் சிலர் 'சானிடோரியம்' என்று உச்சரிக்கும்போது இரண்டு வடிவங்களும் ஒன்றாகிவிடுகின்றன.

சானடோரியம் என்னும் சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். அதன் தொடக்கக்காலப் புழக்கத்தில் இந்தியாவுக்குப் பெரும் பங்குண்டு. சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் நலிந்த ஆங்கிலேயப் படைவீரர்களையும் அதிகாரிகளையும் அனுப்பித் தேற்றிய மலையூர்களைத்தான் அப்போது அப்படி அழைத்தார்கள். உதகமண்டலம் அந்தப் பொருளில் ஒரு சானடோரியம். 1835இல் சிக்கிம் அரசரிடமிருந்து டார்ஜிலிங்கைப் பெற்றபோதும் சொல்லப்பட்ட காரணம் இதுதான். காசநோய்க்கு மட்டும் உரிய சொல்லாக அது சுருங்கியது பின்னால். ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமர் 1850களில் சிலேசியாவின் கோர்பர்ஸ்டார்ஃப் கிராமத்தில் காசநோயாளிகளுக்கென ஒரு நிலையம் தொடங்கினார். மலைக்காற்று, நல்ல உணவு, ஓய்வு, அளந்து கொடுத்த நடை. இதைப் பார்த்து ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் முதல் இங்கிலாந்தின் குன்றுகள் வரை நிலையங்கள் எழுந்தன. ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்த பிறகும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை உலகத்துக்கு இருந்த முதன்மையான வழி சானடோரியம்தான்.

இனி நோயின் பெயருக்கு வருவோம். இங்கேதான் சொல்லாராய்ச்சி நம்மை உண்மையிலேயே நின்று பார்க்க வைக்கிறது.

ஆங்கிலத்தில் இந்த நோய்க்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக வழங்கிய பெயர் 'கன்ஸம்ப்ஷன்'. அதன் வினை 'கன்ஸ்யூம்'. லத்தீனில் 'கொன்ஸூமெரே': முழுவதுமாக எடுத்துக்கொள், மிச்சமின்றித் தீர்த்துவிடு. 14ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது நெருப்பு வீட்டை விழுங்குவதற்கும் நோய் உடலைத் தின்பதற்கும் அதையே பயன்படுத்தினார்கள். கவிஞர் கீட்ஸ் 1821இல் ரோமில் இறந்தது கன்ஸம்ப்ஷனால். பிறகு பொருளியலார் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். உற்பத்திக்கு எதிர்முனையில் வைத்தார்கள். இன்று 'கன்ஸ்யூமர்' என்றால் கடையில் பொருள் வாங்குகிறவர், மின்கட்டணம் கட்டுகிறவர். அதைத் தமிழாக்கும்போது நாம் 'நுகர்வோர்' என்றோம். நுகர்தல் மணம் முகர்வதும் இன்பம் துய்ப்பதும் ஆகும். பூவை நுகர்ந்தால் பூ அழிவதில்லை. ஆங்கில வினையின் அடியில் கிடக்கும் அழிவு தமிழ்ச் சொல்லில் இல்லை. நல்ல மொழிபெயர்ப்புத்தான், ஆனால் மூலத்தைவிடச் சாதுவானது.

கிரேக்கர் இந்த நோயை 'ஃப்திசிஸ்' என்றார்கள். 'ஃப்தினோ' என்றால் தேய்கிறேன், குறைகிறேன். மாதத்தின் தேய்பிறை நாட்களுக்கும் அவர்கள் இதே வினையைத்தான் சொன்னார்கள். வடமொழியில் இந்த நோய்க்கு 'க்ஷயம்'. தமிழில் அது சயம், சயரோகம் என்று வழங்கியது. க்ஷயத்தின் வேர் 'க்ஷி', தேய்தல், அழிதல். பார்த்தால் தொடர்பே இல்லாததுபோல் ஒலிக்கும் 'ஃப்தி'யும் 'க்ஷி'யும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலார் ஒப்புக்கொண்ட முடிபு. 1853இல் ஜெர்மானிய அறிஞர் அடால்பர்ட் குன், வேதத்தில் வரும் 'அழியாப் புகழ்' என்னும் தொடரும் ஹோமரின் கிரேக்கத்தில் உள்ள அதே பொருளுடைய தொடரும் சொல்லுக்குச் சொல் பொருந்துவதைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பொருத்தத்தின் ஒரு பாதி இந்த வேர்தான்: அங்கே 'அஃப்திதோன்', இங்கே 'அக்ஷிதம்'.

இந்த வேர் நமக்கு இன்னொரு வழியாகவும் தெரியும். க்ஷயத்தின் எதிர்ப்பதம் அக்ஷயம். அட்சய பாத்திரம், அட்சய திருதியை. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் சித்திரை மாதத்தில் நகைக்கடை வாசலில் நிற்கும் கூட்டம், குறையாத செல்வத்தைக் கேட்டு நிற்கிறது. அந்தக் குறையாமையின் முதலெழுத்தை எடுத்துவிட்டால் நோயின் பெயர் வந்துவிடும். சந்திரனுக்குத் தக்கன் கொடுத்த சாபமும் க்ஷயரோகந்தான் என்று புராணம் சொல்கிறது. தேய்ந்து தேய்ந்து வளர்வதற்கு அதுவே காரணமாம். கிரேக்கத்தில் நிலவும் நோயும் ஒரே வினையைப் பங்கிட்டுக்கொண்டதை மேலே பார்த்தோம். இருவேறு நாட்டார் நிலவையும் நோயாளியையும் பார்த்து ஒன்றையே நினைத்திருக்கிறார்கள்.

தமிழ் தன் சொந்தச் சொல்லையும் வைத்திருந்தது: எலும்புருக்கி. மற்ற மொழிகள் உடல் தேய்வதைச் சொல்ல, தமிழ் எலும்பே உருகுவதாகச் சொல்லிற்று. உருகு தன்வினை, உருக்கு பிறவினை. ஒருவர் தானாக உருகவில்லை, அவரை எதுவோ உருக்குகிறது என்னும் தெளிவு அந்த 'க்கு'வில் இருக்கிறது. இன்று அரசும் மருத்துவரும் சொல்வது 'காசநோய்'. காசம் என்பது இருமலுக்கான வடசொல். அழிவைச் சொல்லாமல் அறிகுறியை மட்டும் சொல்லும் அடக்கமான பெயர். டியூபர்குலோசிஸ் என்பதிலும் அழிவு இல்லை. நுரையீரலில் தோன்றும் சிறு முண்டுகளைக் குறிக்கும் லத்தீன் சொல் அது. கிழங்குக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டியூபர்' அதன் தாய்ச்சொல்.

நோய்க்கு எத்தனை மொழியில் எத்தனை அழிக்கும் வினைகள் என்று பார்த்தோம். அவற்றுக்கு எதிரே நலமாக்கும் ஒரு வினையைத் தாம்பரத்தில் கொண்டுவந்து நட்டவர் ஒரு தமிழ் மருத்துவர்: டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து. அவர் பெயரும் ஆராயத்தக்கது. சவரிமுத்து, சவுரிமுத்து என்று தமிழ்க் கிறித்தவர் வைத்துக்கொள்ளும் பெயரில் இருப்பவர் புனித சவேரியார். சவேரியாரின் 'சேவியர்' என்பது ஸ்பெயினின் பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்று பொருள்படும் ஊர்ப்பெயர். புதுவீட்டு முத்து என்று அவரைச் சொல்லலாம்.

சவுரிமுத்து இங்கிலாந்தில் மருத்துவம் செய்தவர்; சாமர்செட் மாவட்டத்து மெண்டிப் குன்றுகளில் காசநோய் சானடோரியம் ஒன்றை நடத்தினார். இந்நோய் பற்றியும் இந்திய மருத்துவத்தின் பழமை பற்றியும் நூல்கள் எழுதியவர். 1914 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பலில் கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்து புறப்பட்டபோது உடன் பயணம் செய்தவர்களில் அவரும் ஒருவர். மூன்று ஆண்டுகளில் ராமானுஜன் நோயில் விழுந்து, 1917இல் சிலகாலம் அதே மெண்டிப் சானடோரியத்தில் சவுரிமுத்துவின் பார்வையில் இருந்தார். பிறகு டெர்பிஷர் மாவட்டத்து மேட்லாக்குக்கு மாறினார். திறந்த சன்னல், குளிர்காற்று, அன்னிய உணவு என்னும் மருத்துவ முறை அந்தக் கும்பகோணத்து சைவ உடம்புக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை எண்ணினால் இன்றும் மனம் வலிக்கிறது. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் அவர் காலமானார். அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோய் என்று 1994இல் ஆய்வாளர் ஒருவர் ஆவணங்களை ஆராய்ந்து வாதிட்டார்.

சவுரிமுத்து தாயகம் திரும்பி, 1928இல் தாம்பரத்தின் காட்டுப்பகுதியில் சிறு அளவில் சானடோரியத்தைத் தொடங்கினார். சென்னைக்கு வெளியே, மரங்கள் அடர்ந்து, வறண்ட காற்று வீசும் இடம் என்பதே தேர்வுக்குக் காரணம். 1931இல் கடற்கரை தாம்பரம் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. காற்றும் வெளியும் தேடி வந்தவர்கள் கட்டிய ஊர் அது. சானடோரியத்தைப் பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது. அதன் இன்றைய பெயர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. சுற்றுவட்டாரத்தில் 'டிபி ஆஸ்பத்திரி' என்றால்தான் தெரியும்.

சானடோரியம் என்னும் சொல்லுக்கு நேர்பொருள் நலமாக்குமிடம் என்றாலும், மருந்து இல்லாத அந்தக் காலத்தில் அங்கே உண்மையில் நடந்ததைச் சொல்ல ஸனாரே என்னும் வினையைவிடத் தமிழின் 'தேறு' பொருத்தமானது என்பேன். புண் ஆறுகிறது, காய்ச்சல் தணிகிறது, நோயாளி தேறுகிறார். இவை எல்லாம் தன்வினைகள். மருத்துவர் குணப்படுத்தினார் என்பதற்கு முன்பே நோயாளி தேறினார் என்று சொல்லும் மொழி நம்முடையது. சானடோரியம் கொடுத்ததும் அதுதான்: பாலும் முட்டையும், தாழ்வாரத்துப் படுக்கையும், தேறுவதற்கான காலமும். தேறியவர்கள் வீடு திரும்பினார்கள். தேறாதவர்கள் ஏராளம். எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இந்த நோயால் இறந்தபோது அவருக்கு வயது 42.

சென்னை மாகாணத்தில் இப்படி இன்னும் சில இடங்கள் எழுந்தன. பெருந்துறையிலும் சானடோரியம் ஊரின் பகுதிப் பெயராகவே ஆயிற்று. மதனப்பள்ளிக்கு அருகே 1915இல் கிறித்தவ அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய சானடோரியத்தின் ஊருக்கு 'ஆரோக்கியவரம்' என்று பெயர். சானடோரியத்துக்கு இதைவிட அழகான இந்திய மொழிப்பெயர் வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இந்தச் சொல்லின் காலத்தை முடித்துவைத்ததும் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி. நெரிசலான வீடுகளில் வாழும் ஏழை நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதிப் பேர் வீட்டிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஓராண்டு அதே மாத்திரைகள். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் அரைவயிறு உண்டு, வேலைக்கும் போனார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்க வைத்தது: இரு பக்கமும் ஏறத்தாழ ஒரேபோல் குணமானார்கள். வீட்டில் நோயாளியோடு இருந்த உறவினர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. மாத்திரையைத் தவறாமல் உண்பதுதான் முக்கியம், காற்றும் கட்டிலும் அல்ல. அதன்பின் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, பல விடுதிகளாயின. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கவேண்டியதில்லை என்று மனித குலத்துக்கு நிரூபித்துக் காட்டிய ஊர் சென்னை. நாம் இதைப் போதிய பெருமையோடு சொல்லிக்கொள்வதில்லை.

தாம்பரம் மூடப்படவில்லை. 1986இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பல மருத்துவமனைகள் தயங்கியபோது அவர்களை உள்ளே சேர்த்துக்கொண்டது இந்தப் பழைய சானடோரியம். எச்ஐவி உள்ளவரை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் காசநோய்தான் என்பதால் இரண்டும் அங்கே சந்தித்தன. 2004 ஏப்ரலில் மத்திய அரசு எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. உகாண்டாவில் எய்ட்ஸுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஸ்லிம்', அதாவது மெலிவு. கிரேக்கரும் வடமொழியாரும் செய்ததையே அவர்களும் செய்தார்கள்.

பெயருக்கு ஒட்டிய அச்சம் இன்னும் முழுதாக விலகவில்லை. குழந்தைக்குக் காசநோய் என்று சொல்ல மனம் வராத வீடுகளில் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்கிறார்கள். பெரியவர்களுக்கு 'நெஞ்சுல சளி'. பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரமென்றால் அந்தப் பேச்சே எழாது. இப்படி மறைப்பதால் நேரும் இழப்பு உயிரிழப்பு. காசநோயாளிகளைப் பதிவுசெய்யும் மத்திய அரசின் இணையத்தளத்துக்கு வைத்த பெயரில்கூட அந்தப் பழைய வேர் வருகிறது: 'நிக்ஷய்', க்ஷயம் அற்றது. நோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் திட்டத்துக்கும் அதே பெயர். தமிழ்நாடு 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' மிக மோசமான நிலையில் உள்ளவர்களை உடனே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்ப்பது. தேறவேண்டியவர்களுக்கு மீண்டும் கட்டில் கிடைக்கிறது.

சானடோரியம் என்னும் பெயரைத் தமிழாக்கவோ மாற்றவோ வேண்டியதில்லை என்பதே என் முடிபு. குரோம்பேட்டையைப் போல அதுவும் இந்த மண்ணின் வரலாற்றுப் பெயர். நோயின் பெயர் அதில் எங்கும் இல்லை, நலமாக்கு என்னும் வினை மட்டுமே இருக்கிறது. அந்தப் பகுதியில் வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இதைச் சொல்லித்தரலாம். நிலைய வாசலில் சவுரிமுத்துவின் பெயரும் 1928 என்னும் ஆண்டும் ஒரு பலகையில் இடம்பெறலாம்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ, அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து; இடையில் நிறுத்தாமல் உண்டால் குணமாகும்.